அன்விகாவுக்கு வைத்த பேனர்

சினிமாவில் சாவதற்கென்றே பிறவி எடுத்தவள் அன்புக்கரசி. இதை வேறு யாரும் சொல்லவில்லை, அவளே தன்னைப் பற்றி அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். ஆறு படம் நடித்திருந்தாள், ஆறிலும் செத்திருந்தாள். முதல் படத்தில் ஒரு சைக்கோ கழுத்தை நெரித்தான். அடுத்ததில் லாரி ஏறியது. அதற்கடுத்ததில் பாம்பு கடித்தது. அந்தப் பாம்புக்குத் தனி ஏ.சி. வேன் கொடுத்திருந்தார்கள், கடிபடப் போகிறவளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மற்ற மூன்றிலும் தீ, வெள்ளம், மொட்டை மாடி. கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் யாராவது செத்தாக வேண்டும், யாராவது சாக வேண்டுமென்றால் கூப்பிடு அன்விகாவை என்று கோடம்பாக்கத்தில் பெயர் எடுத்துவிட்டாள். அன்விகா என்பது சினிமாவுக்கு வைத்த பெயர். அன்புக்கரசி என்று டைட்டிலில் போட்டால் ஜனங்கள் அதைப் படித்து முடிப்பதற்குள் நீ செத்துவிடுவாய் என்று முதல் பட டைரக்டர் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

விருத்தாசலத்தில் இதை வைத்து ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. அவள் படம் வந்தால் தெருவே திரண்டு தியேட்டருக்குப் போகும். அவள் செத்ததும் திரண்டு எழுந்து வந்துவிடும். மிச்சப் படம் யாருக்கு வேண்டும்? எதிர் வீட்டு மாரியம்மாள் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே அவளுக்குப் போன் போட்டுவிடுவாள். "எப்ப சாவறன்னு மட்டும் சொல்லிடு கண்ணு. உலைய வச்சிட்டுப் போயி பாத்துட்டு வந்துடறேன்."

போகாத ஒரே ஆள் அவள் அப்பா கோவிந்தராசு. படத்துக்குப் போகாதது மட்டுமில்லை, மகளிடம் பேசியும் நாலு வருஷமாகியிருந்தது. அவள் ஊருக்கு வந்தால் ஒரே வீட்டில்தான் இருப்பார், ஒரே குழம்பைத்தான் ஊற்றிக்கொள்வார். பேச்சு மட்டும் அம்மா அமிர்தம் வழியாகப் போய் அமிர்தம் வழியாகத் திரும்பி வரும். "அவள சாப்புட சொல்லு" என்பார், அவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது. "உன்ன சாப்புட சொல்றாரு" என்பாள் அமிர்தம், இருவருக்கும் நடுவில் கரண்டியோடு நின்றுகொண்டு. "சாப்புட்டாச்சுன்னு சொல்லும்மா" என்பாள் இவள்.

காரணம் ஊருக்கே தெரியும் என்றுதான் அன்புக்கரசி நினைத்திருந்தாள். காரணம் அந்தக் காலண்டர்.

கோவிந்தராசுக்குப் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளையில் வேலை. பொம்மையும் ஊறுகாய் ஜாடியும் ஃபியூஸ் கட்டையும் செய்துகொண்டிருந்த முதலாளி, அவள் காலேஜ் முடித்த வருஷம் திடீரென்று வெஸ்டர்ன் டாய்லெட்டில் இறங்கினார். விளம்பரத்துக்கு ஒரு மாடல் தேவைப்பட்டது. சென்னை மாடல் கேட்ட பணத்தைக் கேட்டு முதலாளிக்குத் தலை சுற்றிவிட்டது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தாள் அன்புக்கரசி, மாடலாகித் திரும்பினாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, ஒரு கை இடுப்பில், இன்னொரு கை டாய்லெட் மூடியில். 'உங்கள் இல்லத்தின் புதிய சிம்மாசனம்' என்று கீழே எழுதி, தினசரி காலண்டராக அடித்து ஊர் முழுக்கச் சும்மா கொடுத்தார்கள். அந்த வருஷம் முழுக்க டீக்கடையிலும் சலூனிலும் ரேஷன் கடையிலும் டாய்லெட்டோடு சிரித்துக்கொண்டு நின்றாள். தேதிகளைத்தான் தினமும் கிழித்தார்கள், அவள் அட்டையில் அப்படியே இருந்தாள். ஊர் வாய் சும்மா இருக்குமா? 'கக்கூசு மகாராணி' என்று பட்டம் சூட்டிவிட்டது.

எப்படிப் பார்த்தாலும் அந்தச் சிம்மாசனம்தான் அவளைத் தூக்கிவிட்டது. அதைப் பார்த்துப் பண்ருட்டியில் முந்திரிப் பருப்பு பாக்கெட்டுக்குக் கூப்பிட்டார்கள், கடலூரில் ஒரு ஜவுளிக்கடைக்குக் கூப்பிட்டார்கள். சென்னையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு விளம்பரம் கிடைத்தது, அதில் கை மட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பு விளம்பரம் ஒன்றில் முழு உருவமும் வந்தது, ஆறாவது மாடி பால்கனியில், கொசு அளவுக்கு. பிறகு சினிமா. சினிமாவில் நுழைந்த வருஷம்தான் அப்பா பேச்சை நிறுத்தினார். காலண்டரில் பட்ட அவமானம் போதாதென்று இது வேறா என்று வெறுத்துவிட்டார் போலிருக்கிறது என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். கேட்கத் தைரியமில்லை. கேட்டாலும் அம்மா வழியாகத்தான் கேட்க வேண்டும்.

ஏழாவது படத்தில் விடிவு வந்தது. கதாநாயகனின் மனைவி வேஷம், சாவு கிடையாது. கடைசிக் காட்சியில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயில்வே பிளாட்பாரத்தில் கையசைக்க வேண்டும். அசைத்த கையோடு அம்மாவுக்குப் போன் போட்டாள். அமிர்தம் அந்தப் பக்கம் திரும்பி, "இந்தப் படத்துல அவ சாவலையாம்" என்று சொல்வது கேட்டது. பிறகு தூரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அப்படின்னா போலாம்."

அன்புக்கரசி பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். டாய்லெட்டை அப்பா மன்னித்துவிட்டார் என்று நினைத்தாள். கிளிசரின் இல்லாமல் அவள் அழுததை அன்றுதான் பார்த்ததாக மேக்கப்மேன் சொன்னார்.

ரிலீசுக்கு முதல் நாள் சென்னையில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். படம் நீளமாக இருக்கிறதென்று வெட்டியிருந்தார்கள். வெட்டியது முழுக்க அவளைத்தான். நடித்ததில் ஒரு காட்சிகூட மிஞ்சவில்லை. சும்மா நிற்க வைத்து எடுத்த ஒரு போட்டோவைப் பெரிதாக்கி, மாலை போட்டு, பொட்டு வைத்து, கதாநாயகன் வீட்டு ஹாலில் மாட்டியிருந்தார்கள். இதுவரை படம் ஆரம்பித்த பிறகுதான் செத்துக்கொண்டிருந்தாள், இந்தத் தடவை படம் ஆரம்பிப்பதற்கு முன்பே செத்திருந்தாள். "படம் பூரா நீதாம்மா இருக்க, சுவத்துல" என்று டைரக்டர் தோளில் தட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை மேட்னி ஷோவுக்குச் சூளை ஆட்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து அப்பா டிக்கெட் எடுத்து வைத்திருந்தார். அதற்குள் போய் எப்படியாவது அவரை நிறுத்தியாக வேண்டும். போகவிட்டால் சுவரில் மகளைப் பார்ப்பார், வீட்டுக்கு வந்து இன்னொரு நாலு வருஷத்துக்கு வாயை மூடிக்கொள்வார். போனில் சொன்னால் அம்மா வழியாகத்தான் போகும். நேரில் போய்க் காலில் விழுவதே மேல் என்று வெள்ளிக்கிழமை விடியற்காலையில் எழும்பூரில் ரயில் ஏறினாள். போனைச் சைலன்ட்டில் போட்டுவிட்டு, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

விருத்தாசலம் ஜங்ஷன் வந்ததும் எழுந்து போனைப் பார்த்தால் திரை முழுக்க ஒரே பெயர். அப்பா, அப்பா, அப்பா. நாலு வருஷமாக ஒரு தடவைகூட வராத பெயர். விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது, பேசாத மனுஷன் திட்டுவதற்காகவே போன் போடும் அளவுக்குப் போய்விட்டது என்று நினைத்தாள். திருப்பிக் கூப்பிடக் கை வரவில்லை. அம்மாவுக்குப் போட்டாள். லைன் பிசி. மறுபடி போட்டாலும் பிசி.

துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே வந்தாள். நடிகை என்றால் அப்படித்தான் வர வேண்டும் என்பது அவள் எண்ணம். மூடாமல் வந்த நாட்களிலும் ஒருத்தர்கூடக் கண்டுபிடித்ததில்லை என்பது வேறு விஷயம். வரிசையில் முதலில் நின்ற ஆட்டோவில் ஏறினாள். டிரைவருக்கு முதுகில் விருத்தகிரி என்று பெயர் போட்ட காக்கிச் சட்டை. வண்டி ரோட்டுக்கு வருவதற்குள் பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"மெட்ராஸிலேருந்தாங்க வரீங்க? சாவுக்கா?"

"எந்தச் சாவு?"

"நம்ம ஊரு நடிகைங்க, அன்விகா. சூளை கோவிந்தராசு பொண்ணு. செத்துப்பூட்டுது."

அன்புக்கரசிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. படம் இன்னும் போடவே இல்லை, அதற்குள் கதையை எவன் வெளியே விட்டான்? "படத்துலதானங்க?" என்றாள்.

"படத்துல அது எத்தினியோ வாட்டி செத்துச்சிங்க. இது நெசமாலுமே. பாலக்கரையில பேனர் வச்சிருக்குறாங்க, பொறந்த தேதி, போன தேதி எல்லாம் போட்டு."

ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறியது. அன்புக்கரசி தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்துக்கொண்டாள். சரியாகத்தான் வலித்தது.

"எப்படிச் செத்தாங்களாம்?"

"ஆளாளுக்கு ஒன்னு சொல்றான். ஷூட்டிங்குல வுழுந்துடுச்சிங்கிறான், விஷக் காய்ச்சலுங்கிறான். ஒன்னுங்க, சாவறதுல அதுக்கு நல்ல அனுபவம். ரொம்ப கஷ்டப்பட்டிருக்காது."

செத்த பிறகு ஊர் என்ன பேசுகிறது என்று காதால் கேட்கும் பாக்கியம் எத்தனை நடிகைக்குக் கிடைக்கும்? அவளால் சும்மா இருக்க முடியவில்லை. "நல்லா நடிப்பாங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

விருத்தகிரி ஒரு லாரியை முந்தி முடிக்கும்வரை யோசித்தார். "செத்தவங்கள பத்தி தப்பா பேசக் கூடாதுங்க" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

இருந்தும் சொல்ல இன்னொன்று அவரிடம் இருந்தது. "அதுகூட போவட்டும். அந்தக் கோவிந்தராசுதாங்க பாவம். ராத்திரி வேலைய முடிச்சிட்டு வெடிகாலையில வூட்டுக்குப் போன மனுசன், பேனர பாத்துட்டு ரோட்டுலயே உக்காந்துட்டாரு. யாரு தூக்கியும் எழுந்திருக்கல."

போனில் வரிசையாக நின்ற 'அப்பா'க்கள் இப்போதுதான் அவளுக்குப் புரிந்தன. திட்டுவதற்குக் கூப்பிட்ட போன் இல்லை அது. அத்தனை தடவை அடித்தும் எடுக்காத மகள், அங்கே ஜன்னலில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பதறிப்போய்க் கூப்பிட்டாள். அப்பாவின் போன் ஸ்விட்ச் ஆஃப் ஆகியிருந்தது, அடித்து அடித்தே சார்ஜ் தீர்ந்திருக்க வேண்டும். "சீக்கிரம் போங்கண்ணே" என்றாள்.

இதற்கெல்லாம் காரணம் திலீபன். அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், பஸ் ஸ்டாண்டு பக்கம் பேனர் கடை வைத்திருக்கிறான். கூடப் படித்த பெண்ணுக்கு ஒரு வாழ்த்து பேனர் வைக்க ஆசைப்பட்டு, படக் கம்பெனியில் போட்டோ கேட்டிருக்கிறான். அவள் இருந்ததே ஒரு போட்டோவில்தான், மாலை போட்டபடி. அதை அனுப்பிவிட்டார்கள். திலீபன் கடையில் அடிக்கும் பத்து பேனரில் எட்டு கண்ணீர் அஞ்சலி. பழக்க தோஷத்தில் கை அந்த மாதிரியையே எடுத்துப் போட்டுவிட்டது. இரண்டு பக்கமும் எரியும் குத்துவிளக்கு, கீழே தாமரை, மேலே 'எங்கள் நெஞ்சில் நீங்கா இடம் பிடித்த அன்விகா (எ) அன்புக்கரசி'. 'தோற்றம்' என்ற இடத்தில் பிறந்த தேதி. 'மறைவு' என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து, 'வெளியீடு' என்று மாற்றி வெள்ளிக்கிழமை தேதியைப் போட்டிருந்தான். மாற்றி என்ன பயன்? மாலை போட்ட போட்டோவுக்குக் கீழே இரண்டு தேதி இருந்தால், அதற்குமேல் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஊரா இது? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

பாலக்கரையில் கும்பல் நின்றது. பேனருக்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவான் ஊதுபத்திகூடக் கொளுத்தி வைத்திருந்தான். கோவிந்தராசு ரோட்டோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கை கால் எல்லாம் சூளைத் தூசி, கையில் செத்துப்போன போன். திலீபன் எதிரில் குத்துக்காலிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"மாமா, சத்தியமா இது வாழ்த்து பேனரு மாமா. அது நல்லா இருக்குது."

"நல்லா இருந்தா ஏண்டா போன எடுக்கல?" என்றார் கோவிந்தராசு. காலையிலிருந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, குரல் கம்மிப்போயிருந்தது. "நான் கூப்புட்டு எடுக்காம இருப்பாளா? நானே கூப்புட்டும் எடுக்காம இருப்பாளாடா?"

அன்புக்கரசி துப்பட்டாவை இழுத்து எறிந்துவிட்டு ஆட்டோவிலிருந்து இறங்கினாள். "அப்பா!"

"அய்யய்யோ!" என்று கத்தியது விருத்தகிரிதான். கும்பல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிழவர் ஊதுபத்தியை அணைத்தார். சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் வயலின் அழுதிருக்கும், இருவரும் மெதுவாக ஓடி வந்திருப்பார்கள். கோவிந்தராசு கையை ஊன்றி எழுந்தார், பேனரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையை ஓங்கிக்கொண்டு வந்தார். ஓங்கிய கை அவள் கன்னத்தில் வந்து நின்றது. அப்படியே அங்கேயே இருந்தது.

"போன எடுத்தா என்னாடி?"

நாலு வருஷத்துக்குப் பிறகு அப்பா அவளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நீ திட்டத்தான் கூப்புடறேன்னு நெனச்சேம்பா. படத்துல நான் இல்லப்பா. எல்லாத்தையும் வெட்டிட்டாங்க. இதுலயும் செத்துட்டேன். காலண்டரு கோவமே உனக்கு இன்னும் தீரல, இது வேற தெரிஞ்சா…"

"எந்தக் காலண்டரு?"

"அதாம்பா. டாய்லெட் காலண்டரு."

கோவிந்தராசு புரியாமல் விழித்தார். "அதுக்கு என்னாத்துக்குடி கோவம்? சாமான் நான் சுட்டது. பக்கத்துல நிக்கிறது எம் பொண்ணு. ஊரே சிரிச்சா எனக்கென்னா? சூளையில இன்னும் மாட்டித்தான் இருக்குது அது."

"அப்பறம் ஏம்பா பேசல?"

அவர் கும்பலைப் பார்த்தார். கும்பல் கொஞ்சமும் வெட்கப்படாமல் இன்னும் நெருங்கி வந்தது.

"உன் மொத படத்துக்கு நான் போனேன்" என்றார். "இங்க பாத்தா நாலு பேரு பாப்பாங்கன்னு பெண்ணாடம் போயி பாத்தேன். ஒருத்தன் உன் கழுத்த நெரிக்கிறான். நீ அப்பா அப்பான்னு கத்துற. பக்கத்துல எல்லாரும் பாப்கார்ன் தின்னுகிட்டு இருக்குறானுவ. நான் நாற்காலிய புடிச்சிகிட்டு உக்காந்திருக்குறேன். வூட்டுக்கு வந்து உம் மூஞ்சிய பாத்தா அந்தச் சத்தந்தான் கேக்குது. என்னாத்தடி பேச சொல்ற?"

அந்தக் கத்தல் அவளுடையதே இல்லை. டப்பிங் பேசிய பெண் மைக் முன்னால் நின்று கத்தியது. தன் நடிப்பைப் பார்த்து இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர் கலங்கியிருக்கிறார், அதிலும் பாதிப் பங்கு வேறொருத்திக்குப் போகிறது. அதை இப்போது சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நாலு வருஷம் அந்த மனுஷன் அதைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்க, இவள் அவரை டாய்லெட்டுக்குக் கோபித்துக்கொள்கிற ஆளாகவே நினைத்திருந்தாளே என்பதுதான் அவளை உறுத்தியது.

"இதுல எப்படி செத்த?" என்று அவரே கேட்டார். "காட்டுவாங்களா?"

"காட்ட மாட்டாங்கப்பா. போட்டோ மட்டுந்தான்."

"கத்துறது கித்துறது?"

"ஒன்னும் இல்லப்பா."

"போட்டோவுல சிரிச்சிகிட்டுதான இருக்குற?"

"ஆமாப்பா."

கோவிந்தராசு வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "அப்ப போலாம். டேய் திலீபா, ரெண்டு விளக்கையும் அறுத்து எடுத்துட்டு மாட்டுடா பேனர."

சாவுச் செய்தி அதற்குள் ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் போயிருந்தது, பின்னாலேயே உயிரோடு வந்த செய்தியும் போனது. மேட்னி ஷோவுக்குத் தியேட்டர் நிரம்பி வழிந்தது. அன்விகா படத்துக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு மாட்டியது அதுதான் முதல் தடவை. நிஜமாகவே செத்திருந்தால் இன்னும் ஒரு வாரம் ஓடியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. வாசலில் அமிர்தம் மிளகாயும் உப்பும் கொண்டுவந்து, தியேட்டர்காரர்கள் தடுக்கத் தடுக்க, அவளுக்குச் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

படம் ஆரம்பித்தது. கதாநாயகன் வீட்டு ஹால், சுவரில் போட்டோ. விசில் பறந்தது, காகிதம் பறந்தது. கதாநாயகன் எது செய்தாலும் பின்னால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிட்டபோது சிரித்தாள், சண்டை போட்டபோது சிரித்தாள், இன்னொருத்தியோடு டூயட்டுக்குக் கிளம்பியபோதும் சிரித்தாள். பின் வரிசையில் மாரியம்மாளுக்குத்தான் பெரிய குழப்பம். "மொதல்லியே செத்துட்டாளே, இப்ப நாம எப்ப எழுந்திருக்கறது?" என்று பக்கத்தில் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதாநாயகன் போட்டோவுக்கு முன்னால் விளக்கேற்றினான். இருட்டில் கோவிந்தராசு கையை நீட்டி அன்புக்கரசியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சூளை வேலை செய்து காய்த்துப்போன கை, பிடி வலித்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பாட்டு வந்தது, சண்டை வந்தது, பிடி தளரவே இல்லை. இடைவேளைக்கு விளக்கு போட்டார்கள். ஜனம் எழுந்து வெளியே போனது. அப்போதும் அவர் விடவில்லை.

"கைய வுடுப்பா. சமோசா வாங்கியாறேன்."

"ஒன்னும் வேணாம், உக்காரு" என்றார் கோவிந்தராசு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "இந்தப் படத்துலயாவது கடைசி வரைக்கும் இரு."